தட்டுத் தேய்வும் நாட்பட்ட இடுப்பு வலியும்: அறிக்கையின் சொல்லை எவ்வாறு புரிந்துகொள்வது?

நாரிப்பிடிப்பு, இடுப்பு வலி, முதுகு வலி என ஊருக்கு ஊர் பெயர் வேறுபட்டாலும், விலா எலும்புகளின் கீழ் விளிம்புக்கும் இருப்புப் பகுதிக்கும் இடையே எழும் இவ்வலியை வாழ்நாளில் ஒருமுறையேனும் அறியாதவர் மிகச் சிலரே. உலகளவில் மனிதரை நீண்ட காலம் முடக்கும் காரணங்களுள் கீழ்முதுகு வலியே முதலிடம் வகிக்கிறது. 2020ஆம் ஆண்டில் ஏறத்தாழ 61 கோடியே 90 இலட்சம் பேர் இதனால் பாதிக்கப்பட்டிருந்தனர் என மதிப்பிடப்பட்டுள்ளது.

வலி பெரும்பாலும் சில வாரங்களில் தணிந்துவிடும். தணியாதபோது ஸ்கேன் எடுக்கப்படுகிறது. அறிக்கையில் ‘தட்டுச் சிதைவு’ என்ற பொருள்படும் ஒரு தொடர் இடம்பெறுகிறது. வீட்டில் அது ‘எலும்பு தேய்ந்துவிட்டது’ என்றோ ‘டிஸ்க் விலகிவிட்டது’ என்றோ சொல்லப்படுகிறது. அன்று முதல் குனிவதும் பேரப்பிள்ளையைத் தூக்குவதும் நிறுத்தப்படுகின்றன. சிலர் வேலையையே விட்டுவிடுகின்றனர். அச்சொல் உண்மையில் எதைக் கூறுகிறது, எதைக் கூறவில்லை என்பதையும், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் கிடைக்கும் உதவிகளையும் உரிமைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

முள்ளந்தண்டும் அதன் தட்டுகளும்

முள்ளந்தண்டு (முதுகுத்தண்டு) ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட எலும்புகளால் ஆனது. அவற்றுள் அசையக்கூடியவை 24. இவ்வெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் அமைந்திருப்பவையே தட்டுகள்; இவை மொத்தம் 23. ஒவ்வொரு தட்டுக்கும் வெளிப்புறத்தில் பல அடுக்குகளாலான உறுதியான நார் வளையமும், உட்புறத்தில் நீர் நிறைந்த பாகுபோன்ற நடுப்பகுதியும் உண்டு. இடுப்புப் பகுதியில் உள்ள கடைசி இரண்டு தட்டுகளே உடலின் பாரத்தையும் அசைவையும் மிகுதியாகத் தாங்குகின்றன. தேய்வு அதிகமாகக் காணப்படுவதும் அவற்றிலேயே.

தட்டு எலும்போடு இறுக்கமாகப் பிணைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே அது இடம்விட்டு வழுக்கி வெளியே போவதில்லை. ‘விலகிவிட்டது’ என்ற சொல், தள்ளி வைத்தால் மீண்டும் சரியாகிவிடும் என்ற தவறான எண்ணத்தையும் தருகிறது. வெளி வளையம் தளர்ந்து தட்டு சற்றுப் புடைத்திருப்பதையோ, வளையத்தில் வெடிப்பு ஏற்பட்டு உட்பகுதி பிதுங்கியிருப்பதையோதான் அச்சொல் குறிக்கிறது.

வளர்ந்தவர்களின் தட்டினுள் இரத்தக் குழாய்கள் பெரும்பாலும் இல்லை. அண்டையிலுள்ள எலும்பிலிருந்து ஊட்டம் மெல்ல ஊறியே உள்ளே செல்கிறது. பகலில் பாரம் அழுத்தும்போது தட்டிலிருந்து நீர் சிறிது வெளியேறுகிறது. இரவில் படுத்திருக்கும்போது மீண்டும் உள்ளே வருகிறது. காலையில் ஒருவர் மாலையைவிட ஒரு சென்டிமீட்டர் அளவு உயரமாக இருப்பது இதனாலேயே. ஆகவே தட்டு ஓயாது மாறிக்கொண்டிருக்கும் ஓர் உயிருள்ள பகுதி. அசைவு அதற்குப் பகையன்று.

‘தேய்வு’ என்பது எவ்வளவு பொதுவானது?

வயது கூடக் கூடத் தட்டின் நடுப்பகுதி நீரைப் பிடித்துவைக்கும் ஆற்றலை இழக்கிறது. தட்டின் உயரம் குறைகிறது. வளையத்தில் சிறு வெடிப்புகள் தோன்றுகின்றன. அருகிலுள்ள எலும்பின் ஓரங்கள் சற்று வளர்கின்றன. எம்.ஆர்.ஐ. படத்தில் வெண்மையாகத் தெரிய வேண்டிய தட்டு கறுத்துத் தெரிகிறது. இம்மாற்றங்களின் தொகுப்பே தட்டுச் சிதைவு அல்லது தேய்வு எனப்படுகிறது.

முதுகு வலியே இல்லாதவர்களின் ஸ்கேன் படங்களை ஆராய்ந்த 33 ஆய்வுகளின் தொகுப்பு 2015இல் வெளியானது. அதில் 3,110 பேரின் விவரங்கள் அடங்கியிருந்தன. வலியற்ற 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்குத் தட்டுத் தேய்வு இருந்தது. 50 வயதினரில் அது 80 விழுக்காடு. 80 வயதினரில் 96 விழுக்காடு. தட்டுப் புடைப்பு 20 வயதினரில் 30 விழுக்காட்டினருக்கும் 80 வயதினரில் 84 விழுக்காட்டினருக்கும் காணப்பட்டது. இவர்கள் அனைவரும் வலியின்றி நடமாடிக்கொண்டிருந்தவர்கள்.

தலைமுடி நரைப்பதைப் போலவும் தோல் சுருங்குவதைப் போலவும், தட்டுத் தேய்வும் பெருமளவில் காலம் உடலில் பதிக்கும் அடையாளமே என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன. தேய்வுக்கும் வலிக்கும் தொடர்பே இல்லை என்று இதற்குப் பொருளன்று. வலியுற்றவர்களிடையே, குறிப்பாக 50 வயதுக்குக் குறைந்தவர்களிடையே, இத்தகைய மாற்றங்கள் சற்று மிகுதியாகவே காணப்படுகின்றன. ஆயினும் ஒரு தனிமனிதரின் அறிக்கையில் ‘தேய்வு’ என்று எழுதப்பட்டிருப்பதை மட்டும் கொண்டு, அவருடைய வலிக்கு அதுவே காரணம் என முடிவு செய்ய இயலாது. அறிக்கை ஒரு சான்று மட்டுமே, தீர்ப்பு அன்று.

தேய்வுக்கு யார் காரணம், எந்த வேலை காரணம் என்ற கேள்வியும் அடிக்கடி எழுகிறது. பின்லாந்தில் ஒரே கருவில் உருவான ஆண் இரட்டையர்களை ஒப்பிட்டு 1990களில் ஆய்வுகள் நடைபெற்றன. ஒருவர் பாரம் தூக்கும் வேலையிலும் மற்றவர் இலகுவான வேலையிலும் வாழ்நாளைக் கழித்திருந்தபோதும், இருவரின் தட்டுகளும் பெரும்பாலும் ஒன்றுபோலவே தேய்ந்திருந்தன. தேய்வின் அளவைத் தீர்மானிப்பதில் வேலையின் பங்கைவிடப் பரம்பரையின் பங்கு பெரிது என்பதே அவற்றின் முடிவு.

அப்படியாயின் வலி எங்கிருந்து வருகிறது?

கீழ்முதுகு வலியுடன் குடும்ப மருத்துவரிடம் செல்லும் 100 பேரில் ஏறத்தாழ 90 பேருக்கு, வலியின் மூலம் இன்ன உறுப்பே எனத் திட்டவட்டமாகச் சுட்ட முடிவதில்லை. தட்டு, அதன் பின்புறத்திலுள்ள சிறு மூட்டுகள், தசைகள், தசைநார்கள் ஆகிய எதிலிருந்தும் வலி எழலாம். மருத்துவர் ‘குறிப்பிட்ட காரணமற்ற வலி’ என்று கூறுவது வலியை மறுப்பதாகாது. பாரதூரமான நோய் எதுவும் காணப்படவில்லை என்பதே அதன் பொருள்.

சில வேளைகளில் தட்டே வலிக்கு மூலமாவதுண்டு. நலமான தட்டில் வெளி வளையத்தின் புற அடுக்குகளில் மட்டுமே நரம்புகள் உள்ளன. வெடிப்புற்ற தட்டினுள் அவை மேலும் உட்புறமாக வளர்ந்திருப்பது கண்டறியப்பட்டுள்ளது. பிதுங்கிய தட்டு அருகிலுள்ள நரம்பு வேரை அழுத்தினாலோ அழற்சியுறச் செய்தாலோ, வலி பிட்டத்திலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை பாயும். காலில் விறைப்பும் ஏற்படலாம். இதுவே சயாட்டிக்கா எனப்படுவது. இவ்வாறு பிதுங்கிய பகுதியைப் பெரும்பாலானோரின் உடல் தானாகவே படிப்படியாகக் கரைத்துவிடுகிறது. சில மாதங்களுக்குள் பலர் அறுவைச் சிகிச்சையின்றியே நலமடைகின்றனர். முதியோரிடம் நரம்புகள் செல்லும் பாதை குறுகுவதும் வலிக்குக் காரணமாகலாம். நடக்கும்போது கால்கள் கனத்து, குனிந்தாலோ அமர்ந்தாலோ இதம் தருவது அதன் அடையாளம்.

12 வாரங்களுக்கு மேல் நீடிக்கும் வலி நாட்பட்ட வலி எனப்படுகிறது. வீட்டுக் கூரையிலுள்ள புகை எச்சரிக்கை மணியை எண்ணிப் பார்க்கலாம். தீப்பிடித்தால் ஒலிக்க வேண்டிய அம்மணி, தோசைக்கல்லிலிருந்து எழும் சிறு புகைக்கும் ஒலிப்பதுண்டு. நாட்பட்ட வலியிலும் நரம்பு மண்டலம் இவ்வாறே கூருணர்வு அடைந்துவிடுகிறது. முதற்காயம் ஆறிய பின்னரும், தீங்கற்ற அசைவுக்கும் எச்சரிக்கை எழுகிறது. வலி கற்பனையன்று, அது முற்றிலும் மெய்யானது. ஆனால் வலிக்கிறது என்பதால் முதுகு மேலும் பழுதடைகிறது என்று கொள்ள வேண்டியதில்லை.

தூக்கமின்மை, மனச்சோர்வு, வேலை பறிபோகுமோ என்ற அச்சம், புகைப்பழக்கம், உடற்பருமன், நீண்ட நேரம் அசையாதிருத்தல் ஆகியனவும் வலி நீடிப்பதற்குத் துணைபோகின்றன. இவற்றுள் அச்சத்துக்குப் பெரும் பங்குண்டு. முதுகு உடைந்துவிடும் என்று அஞ்சுபவர் அசைவைத் தவிர்க்கிறார், தசைகள் வலுவிழக்கின்றன, சிறு வேலையும் வலியைத் தருகிறது, அச்சம் மேலும் உறுதிப்படுகிறது.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

அரிதாக, முதுகு வலி பாரதூரமான நோயின் வெளிப்பாடாக இருக்கலாம். பின்வரும் நிலைகளில் உடனடியாக மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். அல்லது 000 என்ற இலக்கத்தை அழைக்க வேண்டும்:

• சிறுநீர் கழிக்க இயலாமை, அல்லது சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றி வெளியேறுதல்
• பிறப்புறுப்பு, ஆசனவாய், தொடையின் உட்புறம் ஆகிய பகுதிகளில் உணர்ச்சியின்மை
• காலின் பலம் விரைந்து குறைதல், அல்லது இரு கால்களும் பலவீனமடைதல்

இவற்றைப் பிறரிடம் சொல்லக் கூச்சப்பட்டுப் பலர் காலம் தாழ்த்துகின்றனர். நரம்புகளின் மீதான இவ்வழுத்தம் விரைவில் நீக்கப்படாவிடின் பாதிப்பு நிலைத்துவிடக்கூடும்.

காய்ச்சலுடன் கூடிய வலி, புற்றுநோய் முன்னர் இருந்தவருக்குப் புதிதாக எழும் வலி, காரணமின்றி உடல் எடை குறைதல், விழுந்த பின்னர் ஏற்பட்ட வலி, எலும்பு வலுக்குறைவு உள்ளவர்களுக்கோ நெடுநாள் ஸ்டீராய்டு மருந்து உட்கொள்பவர்களுக்கோ திடீரென எழும் வலி ஆகியவற்றையும் தாமதமின்றி மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

ஸ்கேன் எப்போது தேவை?

கீழ்முதுகு வலிக்கான சிகிச்சைத் தரநிலை ஒன்று 2022இல் ஆஸ்திரேலியாவில் வெளியிடப்பட்டது. பாரதூரமான நோய் இருக்கலாம் என்ற ஐயம் எழும்போது மட்டுமே ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று அது கூறுகிறது. ஆகவே மருத்துவர் ஸ்கேனுக்கு எழுதித் தரவில்லை என்றால், அவர் அக்கறையற்றவர் என்றோ செலவைக் குறைக்கிறார் என்றோ எண்ணுவது பொருந்தாது. தேவையற்ற ஸ்கேன், வலிக்குத் தொடர்பில்லாத வயதின் மாற்றங்களைப் பெரிதாகக் காட்டி, தேவையற்ற சிகிச்சைக்கு வழிவகுக்கிறது.

பயன் தருவன, தராதன

முன்னாளில் படுக்கை ஓய்வே முதன்மைச் சிகிச்சையாகக் கருதப்பட்டது. 1986இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, ஏழு நாள் ஓய்வைவிட இரண்டு நாள் ஓய்வு எவ்வகையிலும் குறைந்ததன்று எனவும், குறைவாக ஓய்வெடுத்தவர்கள் விரைவில் வேலைக்குத் திரும்பினர் எனவும் காட்டியது. இன்றைய அறிவுரை தெளிவானது: இயன்றவரை அன்றாட வேலைகளைத் தொடர வேண்டும், இயலாதவற்றைக் குறைத்து, படிப்படியாகக் கூட்ட வேண்டும்.

நடைப்பயிற்சியின் பயனை சிட்னியிலுள்ள மக்குவாரி பல்கலைக்கழகத்தின் ஆய்வு 2024இல் உறுதிப்படுத்தியது. அண்மையில் முதுகு வலியிலிருந்து மீண்ட 701 பேர் அதில் கலந்துகொண்டனர். பிசியோதெரபிஸ்ட் ஒருவரின் வழிகாட்டலுடன் படிப்படியாக நடையைக் கூட்டியவர்களுக்கு, மீண்டும் வலி வரும்வரை கழிந்த காலத்தின் நடுமதிப்பு 208 நாள்கள். மற்றவர்களுக்கு அது 112 நாள்கள். அத்திட்டத்தின் இலக்கு, வாரத்துக்கு ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் 30 நிமிடங்கள் என்பதே. நீந்துதல், யோகாசனம், தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி ஆகியனவும் ஏற்றவை. எந்தப் பயிற்சி என்பதைவிட, விடாமல் செய்வதே முக்கியம்.

மருந்துகளைப் பொறுத்தவரை எதிர்பார்ப்பு மிதமாக இருத்தல் நன்று. புதிதாக எழும் முதுகு வலியிலிருந்து மீள்வதைப் பரசிற்றமோல் விரைவுபடுத்தவில்லை என்று 2014இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. அபின் வகை வலிநிவாரணிகள் பலனற்ற போலி மாத்திரையைவிட மேலானவையாக இல்லை என்று 2023இல் வெளியான மற்றோர் ஆய்வு கண்டது. இவ்வகையைச் சேர்ந்த கோடீன் கலந்த மாத்திரைகளை 2018 பெப்ரவரி 1 முதல் மருந்துச் சீட்டின்றி வாங்க இயலாது. இபுபுரோபன் போன்ற அழற்சி குறைக்கும் மருந்துகள் ஓரளவு உதவலாம். எனினும் நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், சிறுநீரகக் குறைபாடு, வயிற்றுப்புண் உள்ளவர்கள் மருத்துவரையோ மருந்தாளரையோ கேளாமல் அவற்றை உட்கொள்ளக் கூடாது.

வெந்நீர் ஒத்தடமும் எண்ணெய் தேய்த்தலும் தற்காலிக இதம் தரும். அவற்றைத் தொடர்வதில் தவறில்லை. ஆனால் வெளிநாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட சில ஆயுர்வேத மாத்திரைகளிலும் சூரணங்களிலும் ஈயம் போன்ற நச்சு உலோகங்கள் கண்டறியப்பட்டுள்ளன. உட்கொள்ளும் எதனையும் மருத்துவரிடம் மறைக்காமல் கூற வேண்டும். இடுப்புப் பட்டை அணிவது வலி வராமல் தடுக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை. அறுவைச் சிகிச்சை, நரம்பு அழுத்தத்தால் காலில் கடும் வலியோ பலவீனமோ நீடிக்கும்போது பயன்படக்கூடும். தேய்வு என்ற காரணத்துக்காக மட்டும் எலும்புகளை இணைக்கும் அறுவைச் சிகிச்சைக்கு ஒப்புதல் அளிக்குமுன், மற்றொரு நிபுணரின் கருத்தையும் கேட்பது தகும்.

வேலையிடத்து வலியும் ‘தேய்வு’ என்ற மறுப்பும்

முதியோர் பராமரிப்பு, துப்புரவு, களஞ்சியம், தொழிற்சாலை ஆகிய வேலைகளில் உள்ளவர்கள் பாரம் தூக்கும்போது முதுகு வலிக்கு உள்ளாவது வழக்கம். அவர்கள் இழப்பீடு கோரும்போது, ‘இது வயதினால் வந்த தேய்வு, வேலையினால் வந்ததன்று’ என்ற பதில் சில வேளைகளில் கிடைக்கிறது. அப்பதிலோடு பலர் தங்கள் கோரிக்கையைக் கைவிடுகின்றனர்.

சட்டத்தின் நிலை அவ்வளவு குறுகியதன்று. நியூ சவுத் வேல்ஸின் 1987ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி, முன்னரே இருந்த நோய்நிலையொன்று வேலையின்போது மோசமடைந்து, அவ்வாறு மோசமடைவதற்கு வேலையே பிரதான காரணியாக இருந்திருப்பின், அதுவும் ‘காயம்’ என்ற வரைவிலக்கணத்துள் அடங்கும். தட்டுத் தேய்வு முன்னரே இருந்தது என்பது மட்டும் கோரிக்கையை முறியடிக்காது. வேலைக்கு முன் ஒருவரால் என்ன செய்ய முடிந்தது, அதன் பின் என்ன செய்ய முடியவில்லை என்பதே அங்கு முக்கியமான கேள்வி. ஆகவே பின்வருவன கவனிக்கத்தக்கவை:

• காயம் நேர்ந்தவுடன், இயன்றளவு விரைவில் தொழில் வழங்குநருக்கு எழுத்தில் அறிவித்து, அதன் பிரதியை வைத்திருக்க வேண்டும்.
• விருப்பமான மருத்துவரைத் தெரிவு செய்யும் உரிமை தொழிலாளருக்கே உண்டு. வலி எப்போது, எவ்வேலையின்போது தொடங்கியது என்பதை முதற்சந்திப்பிலேயே கூறிப் பதிவு செய்வித்து, வேலைத்திறன் சான்றிதழைப் பெற வேண்டும்.
• கோரிக்கையைப் பொதுவாக 6 மாதங்களுக்குள் சமர்ப்பிக்க வேண்டும். நியாயமான காரணம் இருப்பின் தாமதம் ஏற்கப்படலாம்.
• கோரிக்கை மறுக்கப்பட்டால் காரணங்களை எழுத்தில் பெற்று, சுயாதீன மீளாய்வு அலுவலகத்தை 13 94 76 என்ற இலக்கத்தில் தொடர்புகொள்ளலாம். தகுதியுள்ள தொழிலாளர்களுக்கான சட்டத்தரணியின் கட்டணத்துக்கு அவ்வலுவலகம் நிதி வழங்குகிறது.

இவை பொதுவான தகவல்கள் மட்டுமே. தனிப்பட்ட நிலைமைக்குச் சட்ட ஆலோசனை பெறுதல் வேண்டும்.

கிடைக்கும் சேவைகள்

ஆறு மாதங்களுக்கு மேல் நீடிக்கும், அல்லது நீடிக்கக்கூடிய வலி உள்ளவர்கள், நாட்பட்ட நோய்நிலைக்கான பராமரிப்புத் திட்டம் ஒன்றைத் தயாரிக்குமாறு குடும்ப மருத்துவரைக் கேட்கலாம். தகுதி பெறுவோர் ஓர் ஆண்டில் ஐந்து முறை வரை பிசியோதெரபிஸ்ட், உடற்பயிற்சி நிபுணர் போன்றோரை மெடிகேர் உதவியுடன் சந்திக்கலாம். முழுக் கட்டணத்தையும் மெடிகேர் ஈடுசெய்யாதிருக்கலாம் என்பதால், முன்பதிவின்போதே மேலதிகக் கட்டணத்தைக் கேட்டறிவது நல்லது. மனச்சோர்வும் கவலையும் சேர்ந்திருப்பின், மனநல சிகிச்சைத் திட்டத்தின் வழியாக உளவியலாளரைச் சந்திக்கவும் வழியுண்டு.

மருத்துவரின் விளக்கம் விளங்காவிடின் தலையசைத்துவிட்டு வரத் தேவையில்லை. மொழிபெயர்ப்பு மற்றும் உரைபெயர்ப்புத் தேசியச் சேவையை (131 450) எந்நேரமும் அழைக்கலாம். தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்பதிவின்போதே கூறலாம். பொது மருத்துவமனைகளில் இச்சேவை இலவசம். பிள்ளைகளையோ உறவினரையோ உரைபெயர்க்கச் செய்வதைத் தவிர்ப்பது நன்று. சிறுநீர்க் கட்டுப்பாடு, மனச்சோர்வு போன்றவற்றை அவர்கள் முன்னிலையில் பேசத் தயங்குவதனால் முக்கியமான அறிகுறிகள் சொல்லப்படாமலே போகின்றன. மருத்துவரைச் சந்திக்க முடியாத வேளையில் தாதியொருவரின் ஆலோசனையை ஹெல்த்டைரக்ட் சேவையில் (1800 022 222) பெறலாம்.

மருத்துவரிடம் கேட்கத்தக்க கேள்விகள் நான்கு: பாரதூரமான நோய்க்கான அறிகுறி ஏதும் உண்டா? அறிக்கையில் உள்ளவை இந்த வயதினருக்கு இயல்பானவையா? எந்த அசைவுகளை இன்றே தொடங்கலாம்? வேலைக்குத் திரும்ப எத்தகைய மாற்றங்கள் தேவை?

தேய்ந்த தட்டு மீண்டும் இளமையடையாது. ஆனால் தேய்ந்த தட்டோடு நடக்கவும், குனியவும், வேலை செய்யவும், குழந்தையைத் தூக்கவும் முடியும். கோடிக்கணக்கானோர் அதை அறியாமலே நாள்தோறும் அவ்வாறு செய்துகொண்டிருக்கின்றனர்.